நொடியில் பத்தில் ஒரு பங்குக்காகச் செய்த இருக்கை

பிள்ளை பிறந்த வீட்டுக்கு எண்களோடு சில அறிவுரைகள் வந்து சேரும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். கார் சீட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முதல் இரண்டுக்கும் காரணம் கேட்டால் தாதியே விளக்கிவிடுவார். மூன்றாவதுக்கு மட்டும் "அப்படித்தான் சொல்றாங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும். இருக்கை விற்கிற கடைக்காரர் சொல்கிறார். கையேட்டில் போட்டிருக்கிறது. நண்பரின் மனைவி வாட்சாப்பில் அனுப்புகிறார். எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

பொறியியல் படித்தவனுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொள்ளும். எந்த எண்ணைக் கொடுத்தாலும் இதை யார் அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். ஒரு கம்பி இத்தனை கிலோ தாங்கும் என்றால், எங்கோ ஓர் ஆய்வகத்தில் அந்தக் கம்பியை அறுபடும்வரை இழுத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படியென்றால் 119ஆவது நிமிடத்தில் நன்றாக இருக்கும் குழந்தைக்கு 121ஆவது நிமிடத்தில் என்ன ஆகிறது? இந்தக் கேள்வியோடு தேடப் போனேன். கிடைத்தது, ஒரே குழந்தையை இரண்டு வகை ஆட்கள் இரண்டு வகைக் கடிகாரங்களை வைத்துக்கொண்டு பார்த்த கதை.

காரில் குழந்தைக்கென்று தனி இருக்கை வந்தபோது பாதுகாப்பு யார் மனதிலும் இல்லை. 1930களில் அமெரிக்காவில் பன்னி பேர் என்ற நிறுவனம் விற்ற இருக்கையின் வேலை, பிள்ளையைச் சற்று உயர்த்தி உட்கார வைப்பது, அவ்வளவுதான். பிள்ளை வெளியே வேடிக்கை பார்க்கலாம், ஓட்டுகிறவர் பிள்ளையைப் பார்க்கலாம். அதற்குப் பிறகு, கித்தான் துணியை இரும்புச் சட்டத்தில் கட்டி, கார் இருக்கையின் முதுகில் கொக்கி போட்டு மாட்டுகிற வகைகள் வந்தன. சிலவற்றில் பிள்ளை விளையாட ஒரு பொம்மை ஸ்டீரிங்கும் இருக்கும். கார் எதிலாவது மோதினால் அந்தக் கொக்கியால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அப்பா அம்மாவுக்கே இடைவார் இல்லாத காலம் அது. பிள்ளைக்கு மட்டும் என்ன வந்துவிடப் போகிறது?

1960களின் தொடக்கத்தில்தான் மோதலை மனதில் வைத்துச் செய்த இருக்கைகள் வருகின்றன. பிரிட்டனில் ஜீன் ஏம்ஸ், அமெரிக்காவில் லெனார்ட் ரிவ்கின் என்று இரண்டு பெயர்களை எல்லா வரலாறுகளும் சொல்லும். எனக்குப் பிடித்தது மூன்றாவது பெயர், சுவீடனின் பெர்ட்டில் ஆல்ட்மேன். மருத்துவர். பின்னாளில் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்துப் பாதுகாப்புப் பேராசிரியர். அமெரிக்காவின் ஜெமினி விண்வெளி வீரர்களைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்க்கிறார். வீரர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்த நிலையில் இருக்கிறார்கள். வேகம் மாறும்போது வருகிற விசை முழுவதையும் உடலோடு பொருந்திய இருக்கை முதுகு முழுக்கப் பரப்பி வாங்கிக்கொள்கிறது. இதையே குழந்தைக்குச் செய்தால் என்ன? காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி குழந்தையை உட்கார வைத்துவிட்டால், கார் நேராக மோதும்போது இருக்கையின் முதுகு குழந்தையின் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் ஒன்றாகத் தாங்கும். 1964இல் அவருடைய மாதிரி இருக்கையை வோல்வோ காரில் வைத்துச் சோதித்தார்கள். 1972இல் வோல்வோ பின்னோக்கிய இருக்கையை விற்பனைக்கே கொண்டுவந்தது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பிறந்த குழந்தையின் தலை அதன் நீளத்தில் கால்வாசி. நம் தலை நம் உயரத்தில் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு பெரிய தலையைச் சுமக்கிற கழுத்தில் தசையும் வலுவில்லை, எலும்பும் முழுதாகக் கூடவில்லை. முன்னோக்கி உட்கார வைத்து மோதினால் வார் உடலைப் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும். பின்னோக்கி வைத்தால் பாய்வதற்கு இடமே இல்லை.

மடியில் வைத்துக்கொள்வதன் கணக்கையும் இங்கேயே போட்டுவிடலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். மோதலில் அது சுழியமாக ஆகும் நேரம் சுமார் நொடியில் பத்தில் ஒரு பங்கு. வகுத்துப் பார்த்தால் புவியீர்ப்பைப் போல 14 மடங்கு. நான்கு கிலோ குழந்தை அந்தக் கணத்துக்கு 57 கிலோ மூட்டை. பத்து கிலோ பிள்ளை 140 கிலோ. எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் சட்டம் செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே ஏறவில்லை. அமெரிக்காவில் டென்னசி மாநிலம்தான் முதலில் குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கியது. சட்டம் 1977இல் நிறைவேறி 1978 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. அதன் பின்னால் இருந்தவர் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர். ஆனால் சட்டம் வெளிவந்தபோது அதில் ஒரு விலக்கு சேர்ந்திருந்தது. பெரியவர் ஒருவர் கைகளில் குழந்தையை வைத்திருந்தால் இருக்கை தேவையில்லை. கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! "தாய் மடியைவிடப் பத்திரமான இடம் எது?" என்று நம் ஊரில் இன்றும் கேட்கிறார்கள். சாண்டர்ஸ் அந்த விலக்குக்கு வைத்த பெயர் 'குழந்தை நசுக்கி'. மோதலில் பெரியவரின் உடலே குழந்தையை முன்பலகையோடு சேர்த்து நசுக்கிவிடும் என்பதால். 1981இல் அதை நீக்க வைத்தார். 1985க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் சட்டம் வந்துவிட்டது.

இருக்கையின் தரத்தைப் பற்றிய விதியும் இதே காலத்தில்தான் வளர்ந்தது. 1971இல் அமெரிக்காவில் வந்த முதல் விதி மோதல் சோதனையையே கேட்கவில்லை. 1981இல்தான் இருக்கையை ஒரு சறுக்கு மேடையில் பூட்டி, மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆனது. ஐரோப்பாவின் ஆர்44 விதியும் அதே சமயத்தில் வந்தது. நம் கடைகளில் இருக்கையின் முதுகில் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டியிருக்கிறதே ஒரு ஸ்டிக்கர், அது இந்த விதியின் அடையாளம்தான்.

அந்தச் சோதனையில் உட்காருவது ஒரு பொம்மை. கைக்குழந்தைக்கான பொம்மை 3.4 கிலோ. தலை உண்டு, உடல் உண்டு, எடைப் பகிர்வு சரியாக இருக்கும். மூச்சு விடாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சோதனையின் கேள்வியே அதுவல்ல. மோதலின் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் தலை எங்கே போகிறது, விசை எவ்வளவு என்பதுதான் கேள்வி. அந்தப் பத்தில் ஒரு பங்குக்காக இருக்கையின் ஒவ்வொரு வளைவும் தீர்மானிக்கப்பட்டது. குழந்தை அதில் எத்தனை மணி நேரம் இருக்கும் என்பது வரைபடத்தில் எங்கும் இல்லாத அளவு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் சிக்கலின் முடிச்சு சாய்வுக் கோணத்தில் இருக்கிறது. பின்னோக்கிய இருக்கையை அதிகம் சாய்த்துவிட்டால், மோதலில் அதன் முதுகு சுவராக நிற்காமல் சரிவுப் பாதையாக மாறும். குழந்தை தலைப்பக்கம் நழுவி ஏறும். அதிகம் நிமிர்த்திவிட்டால், மோதலுக்கு நல்லது, ஆனால் தூங்குகிற குழந்தையின் தலை முன்னால் விழும். கைக்குழந்தைகளின் பின்மண்டை புடைத்திருக்கும். தட்டையான இருக்கை முதுகு அந்தப் புடைப்பைத் தள்ளும்போது முகம் இன்னும் கீழே போகும். தாடை நெஞ்சில் அழுந்தும். சின்னத் தாடை, அதற்குப் பின்னால் நாக்கு, அதற்கும் பின்னால் ஒரு சின்னக் குழாய். மடித்துப் பிடித்த ரப்பர் குழாயில் தண்ணீர் எப்படி வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மோதல் கேட்பது ஒரு கோணம், மூச்சு கேட்பது வேறொரு கோணம். செங்குத்திலிருந்து 45 பாகை அளவு என்று பலரும் சொல்கிற சாய்வு, இரண்டு பக்கமும் முழுத் திருப்தி இல்லாமல் கைகுலுக்கிக்கொண்ட இடம்.

மூச்சுப் பக்கத்து ஆட்கள் பேச ஆரம்பித்தது 1980களின் நடுவில். மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகள் முன்பைவிட அதிகம் பிழைத்து வீடு திரும்பத் தொடங்கியிருந்தார்கள். வெளியே சட்டம் வந்துவிட்டது, ஆகவே வீடு திரும்புவதே கார் சீட்டில்தான். இரண்டு கிலோகூட இல்லாத குழந்தை, முழுமாதக் குழந்தைக்கென்று செய்த இருக்கையில் சரிந்து மடங்குகிறது. 1985இல் மேரிலின் புல் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் உடன் ஆய்வாளரும் இதைப் பற்றி எழுதினார்கள். அடுத்த ஆண்டே வில்லெட் குழு, குறைமாதக் குழந்தைகளுக்குக் கார் சீட்டில் மூச்சு மந்தப்படுவதை அளந்து காட்டியது. அதைத் தொடர்ந்து அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், 37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பும் முன் அவர்களுடைய இருக்கையிலேயே உட்கார வைத்து இதயத் துடிப்பையும் மூச்சையும் ஆக்சிஜனையும் கவனிக்கச் சொன்னது. எவ்வளவு நேரம்? பின்னாளில் 2009 அறிக்கை சொல்வது, 90 முதல் 120 நிமிடம். வீட்டுக்குப் போகும் பயணம் அதைவிட நீளம் என்றால் அந்தப் பயண நேரம்.

கவனியுங்கள், இங்கே 120 வந்துவிட்டது. ஆனால் எப்படி வந்திருக்கிறது? கவனிக்க வேண்டிய நேரமாக வந்திருக்கிறது. இதற்குள் ஏதாவது நடக்கிறதா என்று பார்க்கிற ஜன்னல் அது. அதுவரை ஆபத்தில்லை என்று சொல்கிற வேலி இல்லை.

முழுமாதத்தில் பிறந்து ஆரோக்கியமாக இருக்கிற குழந்தைகள்? அவர்களையும் அளந்தார்கள். 2001இல் வெளியான மெர்ச்சன்ட் குழுவின் ஆய்வில் 50 முழுமாதக் குழந்தைகள், 35, 36 வாரங்களில் பிறந்த 50 குழந்தைகள். மல்லாந்து படுத்திருந்தபோது இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சராசரியாக 97 சதவீதம். கார் சீட்டில் 60 நிமிடம் இருந்த பிறகு 94. இரண்டு குழுவிலும் இறங்கியது. 94 என்பது பயப்பட வேண்டிய எண் இல்லை. ஆனால் அது சராசரி. சில குழந்தைகள் 90க்குக் கீழே போய் அங்கேயே இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தன. நடந்தது முதல் மணி நேரத்துக்குள். இரண்டாவது மணி நேரத்துக்காக எதுவும் காத்திருக்கவில்லை.

இந்தக் கதையில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியவர் நியூசிலாந்தின் ஷெர்லி டோன்கின். தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறந்துபோகும் குழந்தைகளைப் பற்றியே வாழ்நாள் முழுக்க யோசித்த மருத்துவர். குழந்தையின் தாடை பின்னால் தள்ளப்பட்டு மூச்சுப்பாதை அடைபடுவதுதான் சில மரணங்களுக்குக் காரணமாக இருக்கலாம் என்று 1975லேயே எழுதியவர். முப்பது ஆண்டுக்குப் பிறகு, எண்பது வயதைத் தாண்டி, 2006இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் குழுவோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். மூச்சு நின்று, நிறம் மாறி, நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்ட 43 குழந்தைகள் ஆக்லாந்தின் கண்காணிப்புச் சேவைக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். அவர்களில் ஒன்பது பேருக்கு அது நடந்தது கார் சீட்டில் இருக்கும்போது.

டோன்கின் குழு அங்கே செய்ததுதான் முக்கியம். பெற்றோரிடம் அதே இருக்கையில் அதே குழந்தையை, அன்றைக்கு வைத்ததைப் போலவே மறுபடி வைத்துக் காட்டச் சொன்னார்கள். விபத்து ஆய்வில் நாங்கள் செய்கிற அதே வேலை. இயந்திரம் உடைந்தால் உடைந்த துண்டை மட்டும் பார்த்துப் பயனில்லை, அந்த நேரத்தில் அது எப்படி நின்றது என்று பார்க்க வேண்டும். ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தலை முன்னால் கவிழ்ந்து தாடை நெஞ்சில் அழுந்தியிருந்தது. இத்தனை ஆண்டு வாதமாக இருந்த ஒன்று, ஒரு கோணமாகக் கண் முன்னால் நின்றது.

அவர் அதோடு விடவில்லை. பின்மண்டைக்கு இடம் விட்டு, முதுகை மட்டும் சற்று முன்னால் கொண்டுவரும் நுரைப்பஞ்சுத் திண்டு ஒன்றை முன்பே வடிவமைத்துக் குறைமாதக் குழந்தைகளிடம் சோதித்திருந்தார். 2013இல் முழுமாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில் ஆக்சிஜன் இறங்கும் தடவைகள் குறையவில்லை. இறங்கினாலும் அவ்வளவு மோசமாக இறங்கவில்லை. பாதி வெற்றி. இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் கிடைக்கிற தலையணையை வாங்கி இருக்கையில் செருகிவிட வேண்டாம். இருக்கையோடு சேர்த்துச் சோதிக்காத எதுவும் மோதலில் என்ன செய்யும் என்று அந்தப் பொம்மைக்குத்தான் தெரியும்.

பிரிட்டனின் பிரிஸ்டலில் பீட்டர் ஃப்ளெமிங் பங்கேற்ற ஆய்வு இன்னொரு கேள்வி கேட்டது. மருத்துவமனைச் சோதனையில் இருக்கை அசையாமல் தரையில் நிற்கிறது. ஓடுகிற கார் அதிரும் இல்லையா? 40 பச்சிளம் குழந்தைகள், அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் குறைமாதம். முதலில் தட்டையான படுக்கை, பிறகு அசையாத இருக்கை, பிறகு 40 பாகைச் சாய்வில் மணிக்கு 30 மைல் வேகத்தில் ஓடும் காரைப் போல அதிரும் மேடை. அதிர்வில் 30 நிமிடம். படுக்கையோடு ஒப்பிட்டால் இதயத் துடிப்பும் மூச்சு வேகமும் ஏறின, ஆக்சிஜன் இறங்கியது, முழுமாதக் குழந்தைகளுக்கும்தான். பிரிட்டனில் பிறந்த சில வாரங்களுக்கு 30 நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் பயணம் வேண்டாம் என்ற அறிவுரை இதற்குப் பிறகு பரவியது.

சோதனை 30 நிமிடம், அறிவுரையும் 30 நிமிடம். கவனிப்பு 120 நிமிடம், விதியும் 120 நிமிடம். எனக்கு இதில் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. எந்த ஆய்வும் 120ஆவது நிமிடத்தில் ஒரு கோடு கிழித்துக் காட்டவில்லை. பெற்றோரோ "கொஞ்ச நேரம்" என்று சொன்னால் கேட்க மாட்டார்கள், ஓர் எண் வேண்டும். ஆகவே கையில் இருந்த எண் கொடுக்கப்பட்டது. நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு எடுக்கச் சொல்கிறார்கள். இரண்டும் பொருந்திப் போவதில் ஒரு வசதியும் இருக்கிறது. மருத்துவமனைச் சோதனையைப் பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அது உயிரைக் காக்கிறது என்று காட்டும் முறையான ஆய்வு ஒன்றுகூட இல்லை என்று 2006இல் கோக்ரேன் மீளாய்வு சொன்னது. 2016இல் கனடாவின் குழந்தை மருத்துவர் சங்கம் எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் அதை வழக்கமாகச் செய்யப் பரிந்துரைக்க முடியாது என்றது.

இதுவரை சொன்னது காருக்குள் நடந்தது. மரணங்கள் பெரும்பாலும் நடந்த இடம் காருக்கு வெளியே.

1984இல் ஐரோப்பாவில் மேக்சி-கோசி வந்தது. கைப்பிடி வைத்த வாளி மாதிரியான இருக்கை, குழந்தையை எடுக்காமலே இருக்கையோடு தூக்கிக்கொண்டு போகலாம். பிறகு அதே இருக்கையைத் தள்ளுவண்டியில் 'க்ளிக்' என்று பூட்டலாம். பொறியாளனாக அந்த 'க்ளிக்'கை ரசிக்காமல் இருக்க முடியாது. பெற்றோராக இருந்தால் இன்னும் ரசிப்போம். காரிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து காருக்கு, காரிலிருந்து வீட்டுக்கு, பிள்ளை விழிக்கவே விழிக்காது. நொடியில் பத்தில் ஒரு பங்குக்காகச் செய்த இருக்கை இப்படியாக நாற்காலியானது, தொட்டிலானது. வேடிக்கை என்னவென்றால், இதற்குப் பத்தே ஆண்டில், 1994இல், அமெரிக்காவில் 'மல்லாந்து தூங்க வை' என்ற இயக்கம் தொடங்கியது. குழந்தையைத் தட்டையாக, மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று மருத்துவர்கள் தொண்டை கிழியச் சொன்ன அதே காலத்தில், இன்னொரு கதவு வழியாக, குழந்தைகள் மணிக்கணக்கில் பாதி மடங்கி உட்கார்ந்து தூங்கப் பழகினார்கள்.

2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, உட்காரவும் தூக்கவும் பயன்படும் சாதனங்களில் இறந்த இரண்டு வயதுக்குட்பட்ட 47 குழந்தைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. 31 பேர் கார் சீட்டில். அவர்களில் பாதிக்குச் சற்று மேல் வார் கழுத்தை இறுக்கி இறந்தவர்கள். காரிலிருந்து இறக்கியதும், "பாவம், நெஞ்சை அழுத்துது" என்று வாரைத் தளர்த்திவிடுகிறோம், அல்லது கீழ்ப் பூட்டை மட்டும் கழற்றிவிடுகிறோம். குழந்தை சரியும், தளர்ந்த வார் கழுத்துக்கு வந்துவிடும். முழுக்கக் கட்டியிருப்பதையும் முழுக்க வெளியே எடுப்பதையும்விட, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இந்த இரக்கம்தான் மோசமானது.

2019இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஆய்வு இன்னும் பெரியது. 2004 முதல் 2014 வரை அமெரிக்காவில் தூக்கத்தோடு தொடர்புடைய 11,779 குழந்தை மரணங்களைப் பார்த்தார்கள். 348 மரணங்கள் உட்காரும் சாதனங்களில், அதாவது 3 சதவீதம். அதில் 62.9 சதவீதம் கார் சீட்டில். இந்தக் கார் சீட் மரணங்களில் இருக்கையைக் காட்டியபடி, காருக்குள், சரியாகப் பயன்படுத்தியது பத்து சதவீதத்துக்கும் குறைவு. உட்காரும் சாதனங்களில் நேர்ந்த மரணங்களில் பாதிக்கு மேல் குழந்தையின் சொந்த வீட்டில் நடந்தவை. பெற்றோர் இல்லாமல் பிள்ளை பார்த்துக்கொள்பவரின் கவனிப்பில் இருந்தபோது நடந்திருக்கும் வாய்ப்பு, மற்ற தூக்க மரணங்களைவிட இவற்றில் அதிகம்.

இதைப் படித்தபோது இரண்டு மணி நேர விதியைப் பற்றிய என் எண்ணம் மாறிவிட்டது. எண் தவறா சரியா என்பது பிறகு. அது நம்மைப் பார்க்க வைக்கிற இடம் வேறு. காரில் போகும்போது அம்மா பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், அப்பா மணி பார்க்கிறார். வீட்டுக்கு வந்து, வாளியைக் கூடத்தில் வைத்துவிட்டு, "தூங்குது, எழுப்பாதே" என்று சமையலறைக்குப் போகும்போது யாரும் மணி பார்ப்பதில்லை. பயணம் முடிந்துவிட்டது, ஆகவே விதியும் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது என்பது நம் வீடுகளில் கிட்டத்தட்ட வேதம். பக்கத்து ஃபிளாட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் காலையில் வாளியோடு கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். கையேட்டைப் படித்தவர் அலுவலகத்தில் இருக்கிறார். பிள்ளையோடு இருப்பவருக்கு அதை யாரும் படித்துக் காட்டவில்லை.

மலேசியாவில் குழந்தை இருக்கை கட்டாயமானது 2020 ஜனவரி 1இல். முதலில் விழிப்புணர்வு, பிறகுதான் சம்மன் என்றார்கள். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்குப் பல ஆண்டுகளாகவே கட்டாயம், டாக்சிக்கு மட்டும் விலக்கு. சட்டங்கள் இரண்டும் உயரம் பேசும், தர முத்திரை பேசும். நிமிடம் பேசுவதில்லை. அது சட்டத்தின் வேலையும் இல்லைதான். ஆனால் நம் நாட்டில் இருக்கை வந்த வேகத்துக்கு அதைப் பற்றிய பேச்சு வரவில்லை. நாற்பது ஆண்டில் அங்கே நடந்த வாதம் முழுவதும் நமக்கு ஒரு வாட்சாப் வரியாக வந்து சேர்ந்தது.

அதனால்தான் ஒரு கவலையும் வருகிறது. இந்த ஆய்வுகளை அரைகுறையாகக் கேட்கிறவர் உடனே சொல்லக்கூடியது, "அப்போ சீட்டே ஆபத்து, மடியிலேயே வெச்சுக்கலாம்." டென்னசி விலக்கு இங்கே தமிழில் மறுபிறவி எடுப்பதற்கு இவ்வளவு போதும். 57 கிலோ கணக்கு அப்படியே நிற்கிறது. கார் ஓடும்போது அந்த இருக்கையைவிடப் பத்திரமான இடம் குழந்தைக்கு வேறு கிடையாது. மூச்சு மருத்துவர்களில் ஒருவர்கூட இதை மறுக்கவில்லை. டோன்கினும் இருக்கையை மாற்றத்தான் பார்த்தார், தூக்கி எறியச் சொல்லவில்லை.

நம் வழக்கத்தில் இது முட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது. கோலாலம்பூரில் பிரசவம், பிறகு அம்மா வீட்டில் ஓய்வு. அம்மா வீடு தைப்பிங்கில் என்றால் சுமார் 300 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் மூன்றரை மணி நேரம். தீபாவளி சமயம் என்றால் கேட்கவே வேண்டாம். பிள்ளைக்கு வயது ஐந்து நாள். பிரிஸ்டல் ஆய்வு பார்த்தது கிட்டத்தட்ட இந்த வயதைத்தான். முடிந்தால் அம்மாவைக் கோலாலம்பூருக்கு வரவழைப்பது எளிது. முடியாவிட்டால், முன் இருக்கையில் உட்காருகிற கௌரவத்தை விட்டுவிட்டு யாராவது ஒருவர் பின்னால், பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். கைப்பேசியைப் பார்க்காமல் தாடையைப் பார்க்க வேண்டும். தாடை நெஞ்சில் படிந்துவிட்டால் ஓரமாக நிறுத்தக்கூடிய அடுத்த இடத்தில் நிறுத்திவிடலாம், மணி பார்க்கத் தேவையில்லை. தாப்பா, சுங்கை பேராக் என்று வழியில் ஓய்வுப் பகுதிகளுக்குப் பஞ்சம் இல்லை. நிறுத்தினால் நாம் மட்டும் இறங்கித் தே தாரிக் குடித்துவிட்டு ஏறக் கூடாது. பிள்ளையை இருக்கையிலிருந்து வெளியே எடுத்து, கால்களை நீட்டவிட்டு, பால் கொடுத்து, பிறகுதான் மறுபடி கட்ட வேண்டும். பயணம் ஐந்து மணி நேரமாகும். ஆகட்டும்.

தைப்பிங் வீட்டு வாசலில் பாட்டி காத்திருப்பார். எட்டிப் பார்த்துவிட்டு, "தூங்குதுப்பா, எழுப்பாத, அப்படியே உள்ள தூக்கிட்டு வா" என்பார். வாரை முழுக்கக் கழற்றிப் பிள்ளையை வெளியே எடுத்துத் தட்டையான படுக்கையில் மல்லாக்கக் கிடத்த வேண்டிய இடம் அந்த வாசல்தான். விழித்துக்கொண்டு அழும். பால் கொடுத்தால் மறுபடி தூங்கிவிடும்.